குவைத்தில் வாங்கிய மதிப்பெண்

ஜூலை 30, 2021. பெரம்பலூர்

குவைத்தில் உத்தியோகம் போய்க் குடும்பத்தோடு திரும்பிவந்த தம்பியின் வருகையால் இவ்வீட்டின் நித்திய ஒழுங்குகள் யாவும் மாறிப்போய், எந்த விஷயம் எந்த நாளில் நடந்தது என்பதே மனத்தில் தங்காத நிலையில், சிலவற்றையேனும் எழுதி வைக்கலாமென்று தோன்றுகிறது.

இன்று சி.பி.எஸ்.இ. முடிவுகள் வந்தன. தம்பி மகளுக்கு 93 விழுக்காடு. தொற்றினால் பரீட்சையே நடவாமல், பத்தாம் வகுப்புக்கு 30, பதினொன்றாம் வகுப்புக்கு 30, பன்னிரண்டாம் வகுப்பின் பள்ளித் தேர்வுகளுக்கு 40 என்று பங்கிட்டுக் கணித்த மதிப்பெண் அது. இனிப்பு வாங்கப் புறப்பட்ட தகப்பனை அவளே தடுத்தாள். "இந்த மார்க்கால ஒண்ணும் ஆகாதுப்பா, நீட்தான்" என்றாள்.

அவள் சொன்னது மெய். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பொதுப்பிரிவினருக்கு 50 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர் முதலானோருக்கு 40 விழுக்காடும் இருந்தால் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் யோக்கியதை வந்துவிடும். அதற்குமேல் எத்தனை பிரயாசைப்பட்டு எவ்வளவு பெற்றிருந்தாலும் நீட் நுழைவுத்தேர்வைக் கொண்டே வகுக்கும் தரவரிசையில் அதற்கு ஸ்தானமில்லை. ஆயுள் முழுவதும் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தி, அரை மதிப்பெண்ணுக்காக இருமுறை யோசித்த எனக்கு, இது மிகுந்த வேதனையளிக்கிறது.

ஆகஸ்ட் 3

பழைய கம்பெனியிலிருந்து தம்பிக்குப் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 11

ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு நேராத ஒரு சிரமம் தம்பி மகளுக்கு உண்டு. தான் இம்மண்ணைச் சேர்ந்தவளென்று நேட்டிவிட்டி சான்று கொண்டு நிரூபிக்க வேண்டும். இ-சேவை மையத்துக்குக் கொண்டுபோகப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். அரியலூரில் படித்த தம்பியின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றிருக்கிறது. 2004-இல் அதே அரியலூரில் பிறந்த மகளின் பிறப்புச் சான்றிதழிலோ பெரம்பலூர் மாவட்டம். இன்று நிரப்பும் விண்ணப்பத்தில் அரியலூர் மாவட்டம். எங்கள் பூர்வீக வீடு மட்டும் அன்றிருந்த இடத்திலேயே இருக்கிறது.

இவள் படித்தது சி.பி.எஸ்.இ. பள்ளியாயிருந்தது ஒரு பாக்கியம். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் ஏ, பி என்று எழுத்துகளில் தரம் பெற்று வரும் பிள்ளைகள், இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்திடம் இணைச்சான்றும் பெற்றாக வேண்டும்.

ஆகஸ்ட் 19

அரசுப் பள்ளியில் படித்த எதிர்வீட்டுப் பெண் மாலைதோறும் வந்து இவளோடு படிக்கிறாள். செய்தித்தாளில் அட்டைபோட்ட தமிழ்வழிப் பாடப்புத்தகம், கண்ணாடி விரிந்த கைபேசி ஒன்று, அதுவும் அண்ணனோடு பங்கு. சிறுநீரக நுண்குழலின் படத்தை, வளைவு ஒன்று பிசகாமல், ஞாபகத்திலிருந்தே வரைந்து காட்டினாள். இவளோ நான்கு விடைகளில் பொருந்தாத மூன்றைக் கண்மூடித் திறப்பதற்குள் அடித்துவிடுகிறாள்.

அவர்கள் எழுந்துபோன பிறகு தம்பி, "அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மருத்துவத்துல 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. வெளிநாட்டுல கஷ்டப்பட்டுப் படிக்கவெச்சேன், எம்பொண்ணு என்ன பாவம் பண்ணுனா?" என்றான். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது.

செப்டம்பர் 1

மருத்துவப் படிப்பு கிடைக்காமல் மாண்ட குழுமூர் அனிதாவின் நினைவுநாள். 1200-க்கு 1176 வாங்கியவள். பழைய முறையின்படி 200-க்கு 196.75 கட்ஆப் பெற்றவள். சுமை தூக்கிப் பிழைத்த தகப்பனின் மகள். உச்சநீதிமன்றம் வரை சென்று கேட்டும், 2017 ஆகஸ்டில், நீட் தரவரிசைப்படியே சேர்க்கை என்ற முடிவுதான் அவளுக்குக் கிடைத்தது.

பத்திரிகையைப் படித்துவிட்டுக் குழந்தை கேட்டாள்: "பெரியப்பா, அவங்க வெளிநாடு எங்கேயும் போகலையே. இங்கேயே பிறந்து, இங்கேயே படிச்சவங்க மார்க்கும் செல்லலையா?"

இரவு வெகுநேரம் உறக்கமில்லை.

செப்டம்பர் 12

திருச்சியில் நீட். இருவரையும் ஒரே வண்டியில் அழைத்துப் போனோம். இருவருடைய கம்மல்களும் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை என் சட்டைப்பையில் இருந்தன.

செப்டம்பர் 14

நேற்றுச் சட்டமன்றத்தில், நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, நீட்டை விலக்கிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின்படியே மருத்துவச் சேர்க்கை என்று மசோதா நிறைவேறியது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்களைச் சமப்படுத்தவும் அதில் வழியுண்டு. முன்பு இங்கே வழங்கிய முறையின்படி, ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்சம் 100, மற்ற வாரியத்தின் உச்சம் 95 என்று வைத்துக்கொண்டால், அந்த 95 நூறாகும். அங்கே 76 வாங்கியவருக்கு இங்கே 80. அவ்வாறாயின் குவைத்தில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் உயிர் வரும், எதிர்வீட்டுப் பெண்ணின் மதிப்பெண்ணுக்கும் உயிர் வரும்.

ஆனால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். இந்த வருஷத்துக்கு இல்லை.

நவம்பர் 2

நேற்று நீட் முடிவு. இவளுக்கு அரசுக் கல்லூரி கிடைக்குமென்றும் சொல்ல முடியாது, கிடைக்காதென்றும் சொல்ல முடியாது. எதிர்வீட்டுப் பெண்ணின் மதிப்பெண் இவளுடையதைவிடக் குறைவு; ஆயினும் 7.5 விழுக்காட்டில் நம்பிக்கையுண்டு. அந்தச் சேதியைத் தெருமுழுக்கச் சொன்னவள் என் தம்பி மகள்தான். தம்பி சாப்பிடவில்லை.

ஜனவரி 12, 2022

தமிழ்நாட்டில் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் காணொலி வழியே திறந்துவைத்தார். அரியலூரும் ஒன்று, 150 இடங்கள். தம்பியும் நானும் கணக்குப் போட்டோம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 விழுக்காடு போக 127 நிற்கும். அதில் ஏழரை விழுக்காடு ஒன்பதோ பத்தோ. "இவ்வளவுதானா?" என்று தம்பி கேட்டான். மறுபடி ஒருமுறை அவனே பெருக்கிப் பார்த்தான்.

ஜனவரி 19

கலந்தாய்வு இம்மாதக் கடைசியில் தொடங்குமென்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்பிலிருக்கும் இளைய பையனை முன்னிட்டுத் தம்பி இன்று கேட்டான்: "அண்ணே, ஜூன்ல இவனை இங்க அரசுப் பள்ளியில ஆறாவது சேர்த்தா, அந்த ஏழரை இவனுக்கும் வருமில்ல?"

பன்னிரண்டு முடிய அங்கேயே படித்தால் வரும் என்றேன்.

"பையனுக்குத் தமிழ் வாசிக்கவே வரலையேண்ணே. நடுவுல கம்பெனி கூப்பிட்டா என்ன பண்றது?"

ஜூன் மாதத்துக்கு இன்னும் நாளிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.