உடல் நீங்கிய மாதங்கள்

டெரிட்டோரியல் ஆர்மி என்றதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நினைவில் எழுபவர் மகேந்திர சிங் தோனி. 2011-இல் அப்படையில் அவருக்குக் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி அளிக்கப்பட்டது. 2019-இல் காஷ்மீரில் அதன் பாராசூட் பட்டாலியன் ஒன்றோடு இரண்டு வாரம் தங்கியிருந்தார். எங்கள் தம்பியும் அந்தப் படையில்தான் இருக்கிறான் என்று சொன்னால், ‘ஓ, தோனி பட்டாளமா?’ என்று கேட்கிறார்கள். ஆம் என்று சொல்லிவிடுவது எளிது. மறுத்தால் நீண்ட விளக்கம் சொல்ல நேரும். அந்த நீண்ட விளக்கத்தை ஒருமுறையாவது எழுதி வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பல நாளாக நடக்கும் பேச்சு. தமிழ் படித்து, அதைக் கற்பிப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டவர் இவ்வீட்டில் ஒருவரே ஆகையால் எழுதும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. சொல்வது அம்மா, அக்கா, தம்பியின் மனைவி உள்ளிட்ட எங்கள் எல்லோருடையதும்தான்.

செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1948-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜியால் தொடங்கிவைக்கப்பட்டது இந்தப் படை. சொந்தத் தொழிலையோ வேலையையோ வைத்திருக்கும் 18 முதல் 42 வயது வரையிலான குடிமக்கள் இதில் சேரலாம். ஆண்டுக்கு இரண்டு மாதம் பயிற்சி. தேவை எழும்போது அழைப்பு வரும். தேவை தீர்ந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள். 1962, 1965, 1971 போர்களில் இதன் பங்கு உண்டு. இலங்கைக்குச் சென்ற ஆபரேஷன் பவனிலும் உண்டு. அது வேறு கதை, இங்கே பேச இடமில்லை. சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி மொட்டையான மசூரிக் குன்றுகளை மீண்டும் பச்சையாக்கியதும் 1982-இல் தொடங்கப்பட்ட இதன் பட்டாலியன் ஒன்றே. செய்தித்தாள்கள் பிராந்திய ராணுவம் என்று எழுதுகின்றன. எங்கள் வீட்டில் டி.ஏ.

இந்தப் படையின் வழக்கில் இரண்டு சொற்கள் உண்டு. பணிக்கு அழைத்துக்கொண்டால் ‘எம்பாடி’ செய்தார்கள் என்றும், திருப்பி அனுப்பினால் ‘டிஸ்எம்பாடி’ செய்தார்கள் என்றும் சொல்வார்கள். ஆங்கில அகராதியைப் புரட்டினால் முன்னதற்கு உடல் கொடுத்தல் என்றும், பின்னதற்கு உடலினின்று நீக்குதல் என்றும் பொருள் காண்கிறோம். உடலுக்குத் தமிழில் மெய் என்று பெயர். உயிர் ஏறினால்தான் மெய் இயங்கும் என்று இலக்கண வகுப்பில் முதலாண்டு மாணவர்க்குச் சொல்வதுண்டு. இங்கே நிலைமை தலைகீழ். உயிர் இருக்கிறது, மெய்யைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். தம்பி வீட்டில் இதை ‘டிசம்பாடி ஆயிட்டேன்’ என்பான். டிசம்பர் மாதத்தோடு தொடர்புடைய ஏதோ ஒன்று என்றே அம்மா வெகுநாள் எண்ணியிருந்தார்.

அவன் 2004-இல் சேர்ந்தான், வயது 21. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் அப்போது வேலை. பழைய வட ஆர்க்காட்டில் பட்டாளம் புதிதன்று. தெருவுக்கு நான்கு ஓய்வுபெற்ற சிப்பாய்கள் இருப்பார்கள். முழுநேரப் பட்டாளத்துக்கு இருமுறை ஓடிப்பார்த்துக் கிடைக்காமல் இதற்குச் சென்றான். கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. மூடிமீது வெள்ளை பெயிண்டில் எண்ணும் பெயரும்.

மதராஸ் ரெஜிமென்டைச் சார்ந்த பட்டாலியன் அவனுடையது. அந்த ரெஜிமென்டில் சிப்பாய்க்கு வழங்கும் பெயரே ‘தம்பி’ என்பது. வடக்கத்தி அதிகாரிகளும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ‘வீட்டிலும் தம்பி, அங்கேயும் தம்பி, எனக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டிலும் டிரங்குப் பெட்டியிலும் மட்டும்தான் இருக்கிறது’ என்பது அவன் அடிக்கடி சொல்லும் வேடிக்கை.

முகாம் வாழ்க்கையைப் பற்றி அவன் சொல்லக் கேட்டவை எங்களுக்கு எப்போதும் வியப்பானவை. அவனுடைய கம்பெனியில் தருமபுரி மாம்பழ மண்டியில் கணக்கெழுதுபவர் இருந்தார். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி ஓட்டுநர் இருந்தார். பாலக்காட்டுப் பக்கம் ரப்பர் வெட்டுபவர், தனியார் பள்ளியில் டிரில் மாஸ்டர் எனப் பலர். இருவர் இருவராகச் சேர்த்து வைப்பது ராணுவ வழக்கம். அந்தத் துணையை அவர்கள் ‘பட்டி’ என்கிறார்கள். எங்களுக்கு ஆட்டுப்பட்டி நினைவுக்கு வந்தது. மலையாளிகளோ அச்சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்களாம், அவர்கள் மொழியில் பட்டி என்றால் நாய். பெயர் எதுவானால் என்ன, காரியம் பெரிது. காவலுக்குப் போனால் இருவரும் சேர்ந்தே போவார்கள். ஒருவன் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை, வீட்டுத் தொலைபேசிக்குப் பிறகு பேச்சைக் குறைத்துவிட்டான் என்றால் மற்றவன் போய் மேலே சொல்லிவிட வேண்டும். சொல்வது காட்டிக்கொடுத்தல் ஆகாது. சொல்லாமல் இருப்பதே அங்கே பிழை.

மாதம் ஒருமுறை சைனிக் சம்மேளன் கூடும். பழைய ஆட்கள் தர்பார் என்பார்கள். கமாண்டிங் ஆபீசர் பேசி முடித்தபின் எவரும் எழுந்து தம் குறையைச் சொல்லலாம். லங்கரில் சப்பாத்தி வேகவில்லை என்பதிலிருந்து, ஊரில் பங்காளி வரப்பை வெட்டிவிட்டான் என்பது வரை எல்லாம் அங்கே வரும். வரப்புக்காக ஆட்சியருக்கு முத்திரையிட்ட கடிதம் போனதும், தாசில்தார் வந்து நின்றதும் எங்கள் ஊரிலேயே நடந்திருக்கின்றன. படாகானா என்னும் பெருவிருந்தில் அதிகாரிகள் வாளியும் கரண்டியுமாக வந்து சிப்பாய்களுக்குப் பரிமாறுவார்கள். காஷ்மீரில் கழிந்த குளிர்காலங்களைப் பற்றிக் கேட்டால் அவன் துப்பாக்கியைப் பற்றிச் சொல்வதில்லை. புகாரி அடுப்பைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்து, ஊறுகாய் பாட்டிலைக் கைமாற்றிக்கொண்டு, ஒருவன் வீட்டுக் கடிதத்தை எல்லோரும் சேர்ந்து கேட்டதையே சொல்வான்.

நெடுநல்வாடையில் ஒரு காட்சி உண்டு. வாடைக்காற்றும் தூறலுமான நள்ளிரவில் அரசன் உறங்காமல் பாசறையில் நடக்கிறான். முன்னே செல்பவன் காயமுற்ற வீரர்களை ஒவ்வொருவராகக் காட்ட, நின்று பார்த்து நகர்கிறான். முல்லைப்பாட்டில் வரும் அரசனும் புண்பட்ட யானைகளையும் மாண்ட மறவரையும் எண்ணிப் படுக்கையில் துயில் கொள்வதில்லை. வீரனின் நலம் என்ற பேச்சு நம் இலக்கியத்தில் அவ்வளவு பழையது. ஆனால் அந்தக் கவலை பாசறையின் வேலியோடு நின்றுவிடுகிறது. வீட்டுப் பக்கத்தில் இருப்பது காத்திருப்பு. கார்காலம் வரும், தேர் வரும், காத்திருப்பு முடியும். தேர் வாசலில் வந்து நின்றபின் அந்த வீரன் மறுநாள் காலை எத்தனை மணிக்கு எழுந்தான், என்ன செய்வதென்று தெரியாமல் எங்கே போய் உட்கார்ந்தான் என்பதைப் பாடப் புலவர்க்குத் தோன்றவில்லை. மாண்டவனுக்கு நடுகல் உண்டு. எங்கள் பக்கம், செங்கத்தைச் சுற்றி, நடுகற்களுக்குக் குறைவே இல்லை. உயிரோடு திரும்பி வந்தவனுக்குத்தான் எதுவும் இல்லை.

எங்கள் தம்பி விடியற்காலை நாலரைக்கு எழுவான். போர்வையை நான்கு மூலையும் பிசகாமல் மடிப்பான். அதன்பின் ஏழு மணிவரை செய்ய ஒன்றுமிராது. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். பணியில் இருக்கும்போது வழக்கமான ராணுவச் சம்பளம். டிஸ்எம்பாடி ஆன மாதங்களில் சம்பளம் இல்லை. படைக்குச் சென்று திரும்புபவரை வேலை தந்தவர் மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் விதி உண்டு. நல்ல விதிதான்; நியமன ஆணையும் சம்பளப் பட்டியலும் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். மீட்டருக்குக் கூலி வாங்கும் தறிக்காரனுக்கு எந்த ஆணை? இரண்டரை ஆண்டு காஷ்மீரில் இருந்துவிட்டு வந்தவனிடம் முதலாளி, ‘உன் தறியில வேற ஆளு ஓட்டறான்பா, என்ன பண்ணச் சொல்ற?’ என்றார். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பாவு காத்திருக்காது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தம்பி கடைசித் தறியிலிருந்து, அறுந்த நூல் முடிபவனாகத் தொடங்குகிறான்.

ஊரில் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் அரைப் பட்டாளம். வேடிக்கையாகச் சொல்வதுதான், அவனும் சிரித்துக்கொள்வான். பொங்கல் விளையாட்டு விழாவில் முன்னாள் ராணுவத்தினரை மேடையேற்றித் துண்டு போர்த்தும்போது கூட்டத்தின் ஓரத்தில் நிற்பான். இன்னும் பணியில் இருப்பவன் முன்னாளும் ஆகான். வீட்டில் இருப்பவன் இந்நாளும் ஆகான். ‘தறி ஓடுற சத்தத்துலதான் தூக்கம் வருது அக்கா’ என்று ஒருநாள் சொன்னான். அக்கா பதில் சொல்லாமல் மோர் கலக்கிக் கொடுத்தார்.

2017-இல் அவனுடைய கம்பெனியைச் சேர்ந்த ஒருவர், வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஏழாவது மாதம், தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். கடன் என்றார்கள், குடி என்றார்கள். காஷ்மீரில் இருந்தவரை அவருக்குப் பட்டியாக இருந்தவருக்குச் செய்தி எட்டியது பதினோராம் நாள். இரண்டு வேளை சாப்பிடாவிட்டால் சொல்ல வேண்டும் என்ற முறையில் வாழ்ந்த ஒருவர், அதைப் பார்க்க ஆளில்லாத இடத்தில் ஏழு மாதம் இருந்திருக்கிறார். தம்பி அதைப் பற்றிப் பேசவே இல்லை. டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்துத் துடைத்து, மீண்டும் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

அதன்பிறகு தொடங்கியதுதான் ஞாயிற்றுக்கிழமை ரோல்கால். ஆரணிப் பக்கம் ஓய்வுபெற்று இருக்கும் ஹவில்தார் ஒருவர் (உஸ்தாத் என்றே எல்லோரும் அழைக்கிறார்கள்) மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் வரிசையாகக் கூப்பிடுகிறார். முதலில் ஒன்பது பேர், இப்போது பத்தொன்பது பேர். எண்ணைச் சொல்வார், ‘இருக்கேன் உஸ்தாத்’ என்று பதில் வர வேண்டும். பிறகு மூன்று கேள்விகள்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கடன் எவ்வளவு. ஆறுதல் வார்த்தை எதுவும் கிடையாது. பதில் வராவிட்டால் பக்கத்து ஊர்க்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒருமுறை போளூருக்கு அப்படி இரவு பத்து மணிக்கு மூவர் போனார்கள். அந்த மனிதர் கைபேசியைக் கிணற்றில் போட்டுவிட்டு, அதை எடுக்க இறங்கி, ஈரத் துண்டோடு நின்றிருந்தார். இன்னொரு முறை போன இடத்தில் அப்படிச் சிரிக்கும்படியாக இல்லை. அவரை அன்றிரவே வேலூருக்கு அழைத்துவந்து, காலையில் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் அந்த இரவு கழிந்தது. தம்பியும் அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர் இப்போது நலமாக, வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார்.

உளவியல் ஆலோசனை என்பது எங்களுக்குப் புத்தக அறிவே. ஆயினும் அந்த மூன்றாவது கேள்வியை எந்த ஆலோசகரும் இவ்வளவு நேரடியாகக் கேட்பாரா என்பது ஐயம்தான்.

2025 மே 9 அன்று தொலைக்காட்சியில் ஒரு செய்தி. எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. டெரிட்டோரியல் ஆர்மியின் ஆட்களை அழைத்துக்கொள்ளும் அதிகாரம் ராணுவத் தளபதிக்கு அளிக்கப்பட்டிருப்பதாகவும், 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14 பணிக்கு அமர்த்தப்படும் என்றும், ஆணை 2028 பிப்ரவரி 9 வரை செல்லும் என்றும் சொன்னார்கள். அம்மா எழுந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். தம்பியின் மனைவி உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்தாள்.

அந்த நோட்டை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. 40 பக்க நோட்டு. தம்பி எம்பாடி ஆன ஒவ்வொரு தேதியும், வீடு திரும்பிய ஒவ்வொரு தேதியும் நாள்கணக்கோடு எழுதப்பட்டிருந்தன. ஊனமின்றி வீடு திரும்பும் சிப்பாய்க்கு, எம்பாடி ஆன காலத்தை மட்டும் கூட்டி 15 ஆண்டு நிறைந்தால்தான் ஓய்வூதியம். வீட்டில் கழிந்த மாதங்கள் கணக்கில் வாரா. 2004-இல் சேர்ந்தவனுக்கு அவள் கணக்குப்படி சேர்ந்திருந்தது 13 ஆண்டு 7 மாதம்.

‘ஏம்மா, அவன் போகணும்னா சொல்ற?’ என்று அம்மா கேட்டார்.

‘போகணும்னு சொல்லல அத்தை. பதினேழு மாசம்னு சொல்றேன்.’

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அடுத்த நாள் மாலை சண்டை நின்றது. கோயிலுக்குப் போய்வந்த அம்மா தம்பியின் மனைவிக்கும் பூ வாங்கிவந்திருந்தார். வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த நாள் ஞாயிறு. ஏழு மணிக்கு உஸ்தாத் கூப்பிட்டார். தூக்கம், சாப்பாடு, கடன் மூன்றும் கேட்டபின் அன்றைக்கு மட்டும் நான்காவதாக ஒன்று கேட்டார்: இன்னும் எத்தனை மாதம்? தம்பி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்ததால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். முப்பத்தொன்று என்றார் ஒருவர். ஒன்பது என்றார் ஒருவர். வாழைக்காய் மண்டிக்காரர் நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். தம்பியின் முறை வந்தபோது அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சொல்ல, அவன் சொன்னான். இதை எழுதும்வரை அவனுக்கு அழைப்பு வரவில்லை. இப்போது தறிக்கூடத்தில் அவனுக்கு நடுவரிசையில் இரண்டு தறிகள் தந்திருக்கிறார்கள்.