எண்ணி இறக்கும் சரக்கு

சென்னைப் பட்டணத்துக்கு இயற்கையான துறைமுகம் வாய்க்கவில்லை என்பதும், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிப் போய்ச் சாமான்களை ஏற்றி இறக்கின என்பதும் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். கட்டி எழுப்பிய துறைமுகச் சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் சிதைத்து, அவற்றை மறுபடியும் கட்டி, நூறாண்டுகளுக்குப் பின் 1983-இல் கன்டெய்னர்களுக்கென்றே தனி முனையமும் ஏற்பட்டுவிட்டது என்றாலும், இராயபுரம் முதல் எண்ணூர் வரையில் நீளும் இந்தக் கரையின் ஆதாரத் தொழில் என்னவோ மாறவில்லை. ஓரிடத்துச் சரக்கை மற்றோரிடத்துக்கு மாற்ற வேண்டும்; மாற்றும்போது எண்ணவும் வேண்டும். கப்பலோரத்தில் நோட்டும் பென்சிலுமாக நின்று மூட்டை மூட்டையாகக் குறித்துக்கொண்ட டேலி குமாஸ்தா இல்லாமல், எவ்வளவு பலசாலிகள் சுமந்து இறக்கினாலும் அது இறக்கியதாகாது. தகவல் என்னும் கண்ணுக்குத் தெரியாத சரக்கை மாற்றுகிறவர்களிடமும் இதே தர்மம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவே நான் திருவொற்றியூருக்குப் போனேன்.

நான் போனது ஒரு சுங்க முகவரின் அலுவலகம். பெயர் இங்கே அவசியமில்லை. பில் ஆஃப் என்ட்ரி, ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சீல் உடைத்தபோது எடுத்த புகைப்படம், எடைமேடைச் சீட்டு என்று ஒவ்வொரு கன்டெய்னரின் பின்னாலும் ஆவணங்களின் ஊர்வலம் ஒன்று வருகிறது. பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும் என்பது சுங்க முகவர்களுக்கான 2018-ஆம் ஆண்டு விதி. வழக்கும் தணிக்கையும் எப்போது வருமென்று தெரியாத இந்த அலுவலகமோ, ஐந்தோடு நிறுத்தாமல், ஏறக்குறைய 12 டெராபைட்டைத் தரைத்தளத்து அறை ஒன்றில் சேர்த்து வைத்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை மணலியையும் எண்ணூரையும் மூழ்கடித்து, கழிமுகத்தில் எண்ணெய் மிதந்த நாட்களில், வெள்ளம் அந்த அறையின் வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. மாடியில் புதிய டிஸ்குத் தொகுதி ஒன்றை நிறுவிப் பழையதிலுள்ள அனைத்தையும் அதற்கு மாற்றுவதென்ற தீர்மானம் அதன் பிறகே பிறந்தது.

காரியத்தை ஏற்று வந்தவர்கள் மூவர்: காசிமேட்டுக்காரரான நடுவயதுத் தலைவர், தண்டையார்பேட்டையிலிருந்து வந்த இளம்பெண், அவர்களுக்கு உதவியாக ஓர் இளைஞர். அவர்கள் முதலில் தொட்டது கம்ப்யூட்டரையல்ல, ஏ.சி.யின் வடிகட்டியை. கடற்காற்றின் உப்பும், லாரிகளின் கரிப்புகையும், தொழிற்சாலைகளின் கந்தகமும் கலந்த இந்தப் பிரதேசத்துக் காற்றில் ஈரம் ஏறினால், மின் பலகைகளில் உள்ள செம்பும் வெள்ளியும் மெல்ல அரித்துப்போகும். பழைய டிஸ்குகளின் தூசியைத் துடைத்து, அவை ஒவ்வொன்றும் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் பிழைக் கணக்கைப் படித்துப் பார்த்த பிறகுதான் மற்ற வேலையெல்லாம்.

தொகுதி என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் டிஸ்கு இயந்திரம், ஆளுயர அலமாரிக்குள் 50 தட்டுகளைச் சுழற்றி, 50 லட்சம் எழுத்துக்களை வைத்துக்கொண்டது. பெரிய டிஸ்கு ஒன்றை வாங்குவதற்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்குகள் பலவற்றை ஒன்றுசேர்த்தால் வேகமும் கிடைக்கும், ஒன்று பழுதானாலும் நஷ்டம் நேராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று 1988-இல் பெர்க்லி சர்வகலாசாலையின் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து ‘ரெய்டு’ என்ற பெயர் நிலைத்தது. இந்த அலுவலகத்தின் பழைய தொகுதி ரெய்டு 6 வகையைச் சேர்ந்தது. அதில் 4 டெராபைட் டிஸ்குகள் 8 இருந்தன. இரண்டு டிஸ்குகளின் இடம் முழுவதும் காவல் கணக்குக்கே போய்விடுவதால் மிஞ்சுவது 24 டெராபைட். அதற்கு ஈடாக, எந்த இரண்டு டிஸ்குகள் செத்தாலும் மற்ற ஆறிலிருந்து இழந்ததை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரே நாளில் வாங்கிய டிஸ்குகள் ஒரே காலத்தில் தளர்ச்சி அடைவதும், பிரதி எடுப்பதற்காக மூலை முடுக்கெல்லாம் இடைவிடாமல் படிக்கும்போதுதான் மறைந்திருந்த பழுது தலைகாட்டுவதும் இத்தொழிலின் அனுபவ உண்மைகள். அதனால் ஏற்கெனவே ஒரு பேக்கப் வேறிடத்தில் இருக்கிறதென்று கண்ணால் காணாதவரையில் தலைவர் வேலையை ஆரம்பிக்கச் சம்மதிக்கவில்லை.

விநாடிக்கு ஒரு கிகாபிட் போகும் கேபிளில் மிகுதியாகப் போனால் 125 மெகாபைட் போகும். 12 டெராபைட்டுக்கு அந்தக் கணக்கின்படி 26 மணி நேரத்துக்கு மேலாகிறது. இது காகிதக் கணக்கு. நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்கு, வரிசையாகக் கிடக்கும் பெரிய கோப்பை விரைந்து படித்துவிடும். சிதறிக் கிடக்கும் சிறு சீட்டுகளைத் தேடி அதன் முள் தாவித் தாவிப் போகவேண்டி வந்தாலோ, விநாடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே பெரிய காரியம். சுங்கக்காரர்களின் சரக்கெல்லாம் இப்படிச் சில்லறையாகவே இருப்பதால், வேலை இரவெல்லாம் ஊர்ந்தது.

அதற்காக அலுவலகத்தை மூடிவைக்க முடியாது. எனவே ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே முதல் பிரதியை எடுத்துவிட்டு, பிறகு மாறியவற்றை மட்டும் மறுபடி மறுபடி எடுத்து, கடைசியில் ஒரு சில மணி நேரம் எல்லோரையும் நிறுத்திவிட்டு எஞ்சியதை முடிக்கிறார்கள். இதற்குப் பயன்படும் ‘ஆர்சிங்க்’ என்ற கருவியை 1996-இல் வெளியிட்டவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜல். மூலத்தில் இல்லாததை இலக்கிலும் அழித்துவிடச் சொல்லும் கட்டளை ஒன்று அதில் உண்டு. எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றி எழுதிவிட்டால், காலியான புதிய தொகுதியைப் பார்த்துப் பழையதையும் காலியாக்கிவிடும். அந்தப் பெண் கட்டளையை எழுதி, வாய்விட்டு வாசித்து, ஒத்திகை மட்டும் ஓடவிட்டு, தலைவர் பார்த்து, “சரிம்மா, தட்டு” என்ற பிறகே விசையைத் தொட்டாள்.

நான் காணப் போனது அதற்கப்புறம்தான் வந்தது. ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்து, கடைசிச் சுற்றும் முடிந்து, திரையில் பிழை ஒன்றும் இல்லாதிருந்தபோது, வீட்டுக்குப் போகலாமென்று எனக்குத் தோன்றியது. அவர்கள் எழுந்திருக்கவில்லை. “காப்பி ஆவுறது பெருசு இல்ல சார், டேலி ஆவணும்” என்றார் தலைவர். இரு பக்கத்துக் கோப்புகளையும் முழுவதுமாகப் படித்து, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு சோதனை எண்ணைக் கணக்கிட்டு, பட்டியல்களை ஒப்பிட்டார்கள். ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். மற்றவையெல்லாம் பொருந்தியிருக்க, எடைமேடைச் சீட்டுகள் இருந்த கோப்புறையில் மட்டும் பழைய பக்கத்தில் சில கோப்புகள் கூடுதலாக இருந்தன. இளைஞர் தேடிக் கண்டுபிடித்தார்: “அண்ணே, கேட்டுல இருக்கிற கம்ப்யூட்டர் இன்னும் பழசுலயே எழுதிக்கினு இருக்குது.” லாரிகள் தேங்கிவிடுமென்று அஞ்சிய அலுவலகம், பழைய தொகுதியைப் பூட்டுவதைக் கடைசிவரையில் தள்ளிப்போடும்படி கேட்டுக்கொண்டிருந்தது; பழைய முகவரியைத் தன்னுள்ளே எழுதி வைத்திருந்த அந்த எடைமேடைக் கம்ப்யூட்டரை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். “நிறுத்திட்டோம்னு வாயால சொன்னா போதாது சார், பூட்டணும்” என்று சொல்லி, பழையதைப் படிக்க மட்டுமே முடியும்படி பூட்டி, முகவரியைத் திருத்தி, மறுபடியும் ஒரு சுற்று எடுத்து, மறுபடியும் டேலி பார்த்தார்கள். அந்த ஒப்பீடு இல்லாதிருந்தால், மாதங்கள் கழித்து ஏதோ ஒரு தணிக்கையில் சில சீட்டுகள் காணாமற்போயிருக்கும். காரணம் யாருக்கும் விளங்கியிராது.

பழைய தொகுதியை உடனே அழித்து விற்றுவிடலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். ஒரு மாதக் கணக்கு முடியும் வரையில் தொடக்கூடாதென்று தலைவர் மறுத்துவிட்டார். அவர்களுக்குக் கிடைப்பது ஒப்பந்தக் கூலி. பிரதி எடுக்கும் நேரத்துக்கே அது பேசப்படுகிறது. சரிபார்க்கும் நேரம் அநேகமாக அவர்கள் கைநஷ்டம்.

தகவல் இடமாற்றம் என்ற தொழிலின் சாரம் சுமப்பதிலன்று, எண்ணுவதில் இருக்கிறது என்பதே என் முடிவு. கப்பற்காரர்கள் டேலி குமாஸ்தாவுக்குத் தனிச் சம்பளம் கொடுத்தது தர்மத்துக்காக அல்ல, நஷ்டத்துக்குப் பயந்து. தங்கள் ஆவணங்களை இடம் மாற்ற எண்ணியிருக்கும் அலுவலகத்தாரைக் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒப்பந்தம் எழுதும்போது சரிபார்ப்புக்கென்று தனியே ஓர் இரவையும் அதற்குரிய கூலியையும் எழுதுங்கள், டேலி ஆகும் வரையில் பழையதை அழிக்கச் சொல்லாதீர்கள்.