மலைத் தோட்டத்துக்குப் பழைய ஜீப்

'மலைத் தோட்டத்துக்குப் பழைய ஃபோர் வீல் ஜீப் வாங்கினால் கட்டுப்படியாகுமா?' என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கட்டுப்படியாகும். ஆனால், நான் செய்த தப்பை அவர் செய்துவிடக் கூடாது.

தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காபி. ஊடே மிளகும் மலைவாழையும் உண்டு. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஓர் ஓடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை சேறாகிவிடும். பழம் பறிப்பும் அதை ஒட்டியே வரும். சுமைக்கூலி கொடுத்து மாளாமல், பழைய மஹிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் ஒன்றை வாங்கினேன்.

"டயரைப் பெருசாக்கி, பாடியைத் தூக்கிவிட்டா எந்த மேட்டுலயும் ஏறும் மாமா" என்றான் அக்கா மகன். செய்தோம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. கையிலிருந்த காசு அதிலேயே தீர்ந்ததால், பிரேக்கைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் பறிப்பு முடிந்த சாயங்காலம், பின்னால் ஆறு மூட்டைப் பழம், அதன்மேல் நான்கு பெண்கள். ஓடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இறக்கம். பிரேக்கை மிதித்தேன், பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கத்து மண்மேட்டில் மோதித்தான் வண்டியை நிறுத்தினேன். ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. அந்தப் பருவம் முழுக்க அவரால் வேலைக்கு வர முடியவில்லை. வைத்தியச் செலவும் கூலியும் கொடுத்தேன். அதனால் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

வத்தலக்குண்டு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். நான்கிலும் டிரம் பிரேக், தேய்ந்த ஷூ, உள்ளே ஓடைத் தண்ணீர். "தண்ணி தாண்டினா பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் போகணும்ணே, ஷூ காயும்" என்றார். பெரிய டயர் போட்டால் இழுவை குறையும், இறக்கத்தில் இன்ஜின் பிடிமானமும் குறையும், பிரேக்குக்குச் சுமை கூடும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவும் அனுமதிப்பதில்லை.

பழையபடி 6.00-16 டயருக்கே வந்தேன், சேற்றைக் கடிக்கிற ஆழமான பட்டன் வைத்ததாக. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஷூ, ஹோஸ் எல்லாம் புதுசு. ஸ்பிரிங் பட்டைகளைப் பிடித்திருக்கும் யூ-போல்ட்டுகளைப் பறிப்புக்கு முன்னால் முறுக்கிவிடுகிறேன். கயிறு கட்டும் கொக்கியை பம்பரில் வைக்காமல் சேசிஸில் போட்டிருக்கிறேன்.

ரொம்ப உதவியது ஒரு சின்ன ரப்பர் குழாய். ஓடி ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆக்சில் மேலுள்ள காற்றுத் துவாரத்தில் குழாய் மாட்டி, பாடி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டோம். அப்படியும் மழை முடிந்ததும் ஆயிலை இறக்கிப் பார்க்கிறேன். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மாற்றியாக வேண்டும்.

இறக்கத்துக்கு முன்பே நின்று, ஃபோர் வீலும் லோ கியரும் போட்டு, ஃபர்ஸ்ட்டில் இறக்குகிறேன். நடுவில் கிளட்சைத் தொடுவதில்லை. தார் ரோடு ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வளைவுகளில் கியர்கள் முறுக்கிக்கொள்ளும்.

மூட்டை மேல் ஆள் ஏற்றுவதை விட்டுவிட்டேன். அந்த அம்மா இந்தப் பருவம் பறிப்புக்கு வருகிறார். முன் சீட்டில்தான் உட்காருவார். இறக்கம் வந்ததும் இறங்கி நடந்துவிடுவார். நானும் உட்காரச் சொல்வதில்லை.