எட்டுக்குப் பத்து

என் படுக்கையறை எட்டடிக்குப் பத்தடி. நங்கநல்லூரில் மாடி போர்ஷன். வாடகை பேசும்போது ஹவுஸ் ஓனர் அம்மாள் அதை 'மாஸ்டர் பெட்ரூம்' என்றார். வேறு பெட்ரூமே கிடையாது என்பதால் அந்தப் பட்டத்துக்குப் போட்டி இல்லை. கூடவே ஒரு கண்டிஷன் போட்டார்: "சுவத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது தம்பி."

இருபது மாதம் அதில் குடியிருந்தேன். தரையில் ஒரு பாய், மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. துவைத்த சட்டை, துவைக்க வேண்டிய சட்டை, துவைக்கலாமா இன்னொரு நாள் ஓட்டலாமா என்று முடிவாகாத சட்டை மூன்றும் அதில் சமத்துவமாகக் குவிந்து கிடக்கும். நீங்கள் பேச்சிலர் என்றால் உங்கள் அறையிலும் இப்படி ஒரு நாற்காலி இருக்கும். மறைக்காதீர்கள்.

2022 மார்ச்சில் ஒருநாள் அப்பா போன் செய்தார். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். "இங்க வந்துடுங்கப்பா" என்று நானும், "பார்க்கலாம்" என்று அவரும் மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு, "அடுத்த மாசம் ஒரு பத்து நாள் வந்து இருந்து பார்க்கறேன்டா தம்பி" என்றார். முன்ஜாக்கிரதையாக ரிட்டர்ன் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டதாம்.

'இருந்து பார்க்கறேன்' என்றால் பரீட்சை என்று அர்த்தம். பாஸானால் அப்பா என்னோடு இருப்பார். ஃபெயிலானால் மறுபடியும் அறுபத்தெட்டு வயதில் தனிச் சமையல், ராத்திரி ஒரு தம்ளர் மோரோடு படுக்கை. விடைத்தாள், இந்த எண்பது சதுர அடி.

ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பனுக்கு இந்த விஷயத்தில் ஞானம் ஜாஸ்தி. போனில் ஒரு படம் காட்டினான். வெள்ளைச் சுவர், வெள்ளைப் படுக்கை, ஜன்னலோரம் ஒரு கள்ளிச்செடி. வேறு எதுவும் இல்லை.

"இதுல ஆள் குடியிருக்கானாடா?" என்றேன்.

"அதான் மச்சி அழகு!"

பட்ஜெட் ஆறாயிரம் ரூபாய். உங்களில் யாருக்காவது உபயோகப்படும் என்பதால் கணக்கை அப்படியே தருகிறேன்.

பத்து கிலோ டிஸ்டெம்பர், பிரஷ், ரோலர்: 1,050. கூலி கிடையாது, நானும் நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தோம். நண்பன் தனக்கு அடித்துக்கொண்டது போகச் சுவருக்கும் இரண்டு கோட்டிங் வந்தது. சின்ன அறைக்கு வெளிர் நிறம்தான் சரி. அடர்த்தியான நிறம் வெளிச்சத்தைக் குடித்துவிட்டு, சுவரை நம் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும்.

பழைய சாமான் கடையில் இரும்புக் கட்டில், ஆறடிக்கு இரண்டரை அடி: 1,600. கட்டில் வாங்கும்போது அகலத்தைவிட உயரத்தைப் பாருங்கள். அடியில் பெட்டி போகிற உயரம் இருந்தால் கட்டில் அடைக்கிற இடம் வீணில்லை. அப்படி அடியில் தள்ள இரண்டு பிளாஸ்டிக் பெட்டி: 750.

எழும்பூர் பாந்தியன் ரோடில் திரைத்துணி, தையற்கூலியோடு: 480. இரண்டு மரப்பலகை: 650. பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்து வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பன்னிரண்டு செங்கல். பக்கத்துக்கு மூன்றாக அடுக்கி, மேலே பலகை, அதற்கு மேலும் அப்படியே. ஷெல்ஃப் ரெடி. ஆணி அடிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

எனக்குக் கோரைப் பாய்: 450. எல்.ஈ.டி. பல்பும் ஹோல்டரும்: 180. சுவரில் ஒட்டுகிற பிளாஸ்டிக் கொக்கி எட்டு: 240. இந்தக் கடைசி ஐட்டம் தண்டம். டிஸ்டெம்பர் சுவரில் அது நிற்காது. பவுடர் மாதிரியான மேல்பூச்சோடு உரிந்து வந்துவிடும். நடுராத்திரி ஒவ்வொன்றாக 'டப், டப்' என்று சட்டையோடு விழும்போது திருடன் வந்துவிட்டான் என்றே நினைப்பீர்கள்.

ஆக 5,400. மீதியில் ஐந்நூற்றைம்பதுக்கு ஒரு மணி பிளான்ட், ஒரு கள்ளிச்செடி, ஃபிரேம் போட்ட அருவிப் படம். எந்த ஊர் அருவி என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. ஆணி கிடையாதாகையால் அருவியைப் பலகைமேல் சாய்த்து வைத்தேன்.

நாற்காலியைக் காலி செய்தேன். சுவரோடு கட்டிய அலமாரியில் நாலு தட்டு. கண்ணுக்கு நேரான தட்டில் புத்தகங்களை நிறவாரியாக அடுக்கினேன். ஆபீஸ் கிரிக்கெட்டில் வாங்கிய கோப்பை அதற்குப் பக்கத்தில். கீழ்த்தட்டுகளில் என் துணிகள். நண்பன் வந்து பார்த்து, "போட்டோ எடு மச்சி" என்றான். எடுத்தேன்.

ஏப்ரலில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் அப்பா வந்தார். விடிகாலையில் தாம்பரத்தில் இறக்கிக் கூட்டி வந்தேன். தோளில் ஒரே ஒரு காக்கி ரெக்ஸின் பை. அறைக்குள் வந்து, சுற்றிப் பார்த்து, பையைக் கதவோரம் வைத்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"ஜோரா இருக்குடா. நல்ல லாட்ஜ் மாதிரி இருக்கு."

அவர் கேலி செய்யவில்லை. ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், முப்பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். ஊர் ஊராகத் தங்கியவர். அவர் அகராதியில் 'நல்ல லாட்ஜ்' என்பது பெரிய சர்டிபிகேட். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகுதான் பையைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் குனிந்து ஜிப்பைத் திறப்பார். சட்டையை எடுத்துக்கொண்டு ஜிப்பை மூடுவார். சாயங்காலம் மடித்த வேட்டியை உள்ளே வைத்து மறுபடி மூடுவார். மாத்திரை பைக்குள். கண்ணாடிக் கூடு பைக்குள். சின்ன டிரான்ஸிஸ்டர்கூடச் செய்தி கேட்டு முடித்ததும் பைக்குள். ஐந்து நாள், ஆறு நாள்... பை கதவோரம் ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரியே நின்றது. நான் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதில் இடித்தது.

சனிக்கிழமை எனக்கு லீவு. அப்பா ஷேவ் செய்து முடித்து, ஈர பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்கு நடுவில் நின்றார். அலமாரியைப் பார்த்தார். கோப்பை இருந்தது. பலகையைப் பார்த்தார். கள்ளிச்செடி இருந்தது. ஜன்னல் மேடையில் மணி பிளான்ட். அப்புறம் பிரஷ்ஷைத் துண்டில் நன்றாகத் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, குனிந்து, ஜிப்பைத் திறந்தார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. 5,950 ரூபாய் செலவழித்து அறையில் எல்லாவற்றுக்கும் இடம் பண்ணியிருக்கிறேன். எந்த ஊர் என்றே தெரியாத அருவிக்குக்கூட இடம் இருக்கிறது. என் அப்பாவின் ஷேவிங் பிரஷ்ஷுக்கு இல்லை.

"அலமாரில வைக்கறதுதானேப்பா" என்றேன்.

"இருக்கட்டும்டா. நீ அழகா அடுக்கி வெச்சிருக்கே. எதுக்குக் கலைக்கணும்?"

என்ன சொல்வது என்று தெரியாமல், "வேலை பார்த்த ரயில்ல இடமே இருக்காதும்பீங்களே, எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டு வைத்தேன். வந்ததிலிருந்து அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது அப்போதுதான்.

"சேர்ந்த புதுசுல ஓடற ரயில்லயே தபால் பிரிக்கணும்டா. 1975. ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வேலை. எதிர்ல சின்னச் சின்ன அறையா தடுத்த அலமாரி. ஒவ்வொரு அறையும் ஒரு ஊர். எந்த ஊருக்குக் கடுதாசி ஜாஸ்தியோ, அது நெஞ்சுக்கு நேரா. எப்பவாவது வர்ற ஊர் உச்சில, ஓரத்துல. வண்டி ஆடும். கண்ணு பார்க்கறதுக்கு முன்னாடி கை போகணும்."

"அழகா இருக்குமா?"

"எவன் அழகு பார்த்தான்? எல்லாத்துக்கும் விலாசம் இருக்கும். உன் வீட்டு பின்கோடு என்ன? 600061. முதல்ல இருக்கற 6 தமிழ்நாடு, கேரளா பக்கம். 600-ன்னா சென்னை. கடைசி மூணு எந்த போஸ்ட் ஆபீஸ்னு சொல்லிடும். 1972-ல இது வந்தப்புறம் வேலை எவ்வளவு சுலபமாச்சு தெரியுமா? சாமானும் அப்படித்தான். இப்ப உன் நகவெட்டி எங்க இருக்கு, சொல்லு?"

தேடினேன். பத்து நிமிஷம் ஆயிற்று.

"விலாசம் இல்லாத கடுதாசியை ஆர்.எல்.ஓ.ன்னு ஒரு ஆபீஸுக்கு அனுப்பிடுவோம். உனக்கும் ஒரு ஆர்.எல்.ஓ. இருக்கு" என்று நாற்காலியைக் காட்டினார். ஒரே வாரத்தில் அதில் மறுபடியும் ஒன்பது சட்டை சேர்ந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. அறையிலிருந்த அத்தனையையும் ஹாலில் கொண்டுவந்து கொட்டினோம். அப்பா மூன்று குவியலாகப் பிரித்தார். தினம் எடுப்பது, வாரத்துக்கு ஒரு தடவை எடுப்பது, வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பது. தினசரி ஐட்டம் எல்லாம் இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில். வாராந்தரம் கட்டிலடிப் பெட்டியில். வருஷாந்தரம் பரணில். ஒரு வருஷமாகத் தொடாதது? "ரீடைரக்ட் பண்ணு" என்றார். எனக்குப் பத்தாத நாலு பேன்ட் வாட்ச்மேனின் பையனுக்குப் போயிற்று. நிறவாரிப் புத்தகங்கள் இரும்புக் கடைக்கும் நண்பர்களுக்கும் போக, படிக்கிற பதினைந்து மட்டும் செங்கல் ஷெல்ஃபில் நின்றன. கோப்பை பரணேறியது. நாற்காலியை ஹாலுக்கு அனுப்பினோம். இப்போது அதில் மனிதர்கள் உட்காருகிறார்கள்.

கண்ணுக்கு நேரான தட்டு காலியாகிவிட்டது.

"இது உங்களுதுப்பா."

"முழுசா எதுக்கு? பாதி போதும். மீதி சும்மா கிடக்கட்டும். ஒரு அறையைக் காலியா வெச்சிருக்கறது என் பழக்கம். என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?"

பிறகு விறுவிறுவென்று கீழே போனார். ஹவுஸ் ஓனர் அம்மாளிடம் ஐந்து நிமிஷம் பேசினார். "ரெண்டே ரெண்டு ஆணிம்மா. காலி பண்றப்போ ஓட்டையை நானே பூசித் தந்துடறேன்" என்றாராம். இருபது மாதமாக எனக்குக் கிடைக்காத பர்மிஷன்! மேலே வந்து பையைத் திறந்தார். சுத்தியலும், ஒரு பழைய டப்பா நிறைய ஆணியும் எடுத்தார். பத்து நாளைக்கு வருகிறவர் எதற்குச் சுத்தியல் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை.

நாற்பது ரூபாய்க்குக் கயிறு வாங்கி வந்தேன். கொடியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார். மறுமுனைக்கு ஒரு ஆணி அடித்தார். கதவைத் திறந்தால் அதன் பின்னால் மறைகிற இடத்தில் கொடி. சட்டைப் பிரச்னை தீர்ந்தது.

"இன்னொரு ஆணி எதுக்குப்பா?"

பதில் சொல்லாமல் பையின் அடியிலிருந்து வேட்டியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். அம்மாவின் போட்டோ. எட்டு நாளாக அந்தப் பைக்குள்தான் இருந்திருக்கிறது. கட்டிலில் படுத்தால் தெரிகிற மாதிரி இடம் பார்த்து அடித்து மாட்டினார். கொஞ்ச தூரம் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, இடது பக்கம் அரை விரல் தூக்கினார்.

லாட்ஜில் யாரும் போட்டோ மாட்ட மாட்டார்கள்.

அப்புறம் சட்டைகள், மாத்திரை, டிரான்ஸிஸ்டர், பிரஷ் என்று ஒவ்வொன்றாக அவர் பாதித் தட்டுக்குப் போயின. காலிப் பையை உதறி, நாலாக மடித்து என்னிடம் நீட்டினார்.

"இதை எங்கப்பா வைக்க?"

"பரண்ல போடு. வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கறதுதானே."

ராத்திரி விளக்கை அணைத்தபிறகு கட்டிலிலிருந்து குரல் வந்தது. "தம்பி, புதன்கிழமை டிக்கெட்டைக் கேன்ஸல் பண்ணா எவ்வளவுடா பிடிப்பான்?"

"ஸ்லீப்பருக்கு நூத்தியிருபதுப்பா."

"அவ்வளவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பண்ணிடு" என்றார்.

ஆகவே மேலே கொடுத்த கணக்கில் கயிறு நாற்பதையும், ரயில்வே பிடித்துக்கொண்ட நூற்றிருபதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்ஜெட்டில் நூற்றுப் பத்து ரூபாய் துண்டு விழுகிறது. அந்த அறைக்காக நான் செய்ததிலேயே உருப்படியான செலவு அந்த நூற்றிருபதுதான்.