இரண்டு முனையும் சீவிய பென்சில்

பொருளாதார அறிஞர் லுட்விக் ஃபான் மீசஸின் ஒரு சிறு நூல் சில மாதங்களாக என் மேசையில் கிடக்கிறது. 'தி ஃப்ரீ மார்க்கெட் அண்ட் இட்ஸ் எனிமீஸ்' என்று பெயர். 1951 கோடையில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள். புத்தகமாக வந்தது 2004-ல். பேச்சுக்கும் புத்தகத்துக்கும் நடுவே 53 ஆண்டுகள்; பேசியவர் 1973-லேயே போய்விட்டார். அப்படியானால் இந்த வார்த்தைகள் இத்தனை காலம் எங்கே இருந்தன? முன்னுரையில் ஒரே வரியில் பதில் இருந்தது. பெட்டினா பியன் கிரீவ்ஸ் எடுத்த சுருக்கெழுத்துக் குறிப்புகளில்.

அந்த வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. பணவீக்கத்தைப் பற்றி மீசஸ் சொன்னதையெல்லாம் பிறகுதான் படித்தேன்.

இந்தப் பேச்சு நடந்த இடம் நியூயார்க்குக்கு வடக்கே, ஹட்சன் நதிக்கரையில் உள்ள இர்விங்டன் என்ற சிற்றூர். அங்கே ஒரு பழைய மாளிகையில் 'ஃபவுண்டேஷன் ஃபார் எகனாமிக் எஜுகேஷன்' இயங்கியது. தடையற்ற சந்தையைப் பற்றிச் சாதாரண மக்களுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று, லாஸ் ஏஞ்சலீஸ் வர்த்தகச் சபையின் பொது மேலாளராக இருந்த லியோனார்ட் ரீட் 1946-ல் தொடங்கிய லாப நோக்கமற்ற அறக்கட்டளை. பெட்டினா அங்கே வேலைக்குச் சேர்ந்ததும் 1951-ல்தான். வந்த வருடமே நோட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அங்கேயே இருந்தார்.

யுத்த காலத்தில் அமெரிக்க அரசு வேலையில் பொலிவியா வரை போனவர் அவர். யுத்தம் முடிந்தபின் ஆஸ்திரியாவிலும் இருந்திருக்கிறார். மீசஸ் பிறந்த பேரரசின் தலைநகரம், பாதி வாழ்நாளை அவர் கழித்த ஊர் வியன்னா. 1934-ல் மீசஸ் ஜெனீவாவுக்கும், 1940-ல் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போனார். 1938-ல் நாஜிகள் வியன்னாவில் அவர் வீட்டுக்குள் புகுந்து கடிதங்கள், கையெழுத்துப் படிகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அவை அழிந்துவிட்டன என்றே அவர் நினைத்திருந்தார். 1990-களில்தான் மாஸ்கோவில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருப்பது தெரியவந்தது. ஒரு மனிதரின் எழுத்து பிடுங்கப்பட்டு ஒரு தேசத்தின் பூட்டுக்குள் கிடந்த அதே காலத்தில், அவருடைய பேச்சு இன்னொரு தேசத்தில் ஒரு பெண்மணியின் நோட்டில் பத்திரமாக இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்கிறது.

எங்கள் அத்தை ஸ்டெனோ.

கும்பகோணத்தில் அவள் படித்த காலத்தில் தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்ததாம். பத்தாவது முடித்த பிள்ளைகள் காலையில் ஒரு மணி நேரம் டைப்பிங், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஷார்ட்ஹேண்ட். லோயர், ஹையர் என்று பாஸ் பண்ணிக்கொண்டே போய், ஒரு நாள் ரயிலேறி பம்பாய்க்கோ டெல்லிக்கோ போய்விடுவார்கள். அத்தை மெட்ராஸுக்கு வந்தாள். பாரிமுனையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் 28 வருடம் வேலை பார்த்தாள். மிளகு, ஏலக்காய், தேங்காய் நார் என்று அவள் கை வழியே எந்தெந்த நாட்டுக்கோ கடிதம் போயிருக்கிறது.

லீவுக்கு அவள் வீட்டுக்குப் போனால் நான் செய்கிற முதல் வேலை பென்சில் சீவுவது. அத்தை பென்சிலை இரண்டு முனையிலும் சீவச் சொல்வாள். டிக்டேஷன் நடுவில் முனை உடைந்தால் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம். சொல்பவர் நிறுத்தவே வேண்டாம். அப்படி ஏழெட்டுப் பென்சில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிற்கும். ரொம்பக் கூராகவும் இருக்கக்கூடாது, மழுங்கியும் இருக்கக்கூடாது. மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒரே முனையில் வரவேண்டும்.

அதன் காரணத்தை அவள் விளக்கிய மத்தியானம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பத்து வயதிருக்கும். மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்திருந்தோம்.

"பம்பரம்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

"அதுல எத்தனை ப இருக்கு?"

"ரெண்டு."

"ரெண்டும் ஒண்ணா?"

எழுத்தில் ஒன்றுதானே. ஒன்று என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். உதட்டில் விரல் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் ப வெறும் காற்று மாதிரி வெடிக்கிறது. ம்-க்குப் பின்னால் வருகிற ப தொண்டையில் அதிர்ந்துகொண்டு வருகிறது. அதுநாள் வரை என் வாயே செய்துகொண்டிருந்த இந்த வேறுபாடு என் காதுக்குத் தெரிந்ததே இல்லை.

அத்தை நோட்டில் இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்கும் ஒரு சின்னக் கோடு போட்டாள். மெலிசு. "இது முதல் ப." பக்கத்தில் அதே சாய்வில், கொஞ்சம் அழுத்தி இன்னொரு கோடு. "இது ரெண்டாவது. இங்கிலீஷ்ல பி-ன்னும் பி-ன்னும் ரெண்டு எழுத்து இருக்கே, பிட்மேன் அதை ரெண்டு கோடா வெச்சிட்டான். வாய் ஒரே இடம், அதனால ஒரே சாய்வு. சத்தம் கனம், அதனால கோடும் கனம்." நேராக இறங்கினால் ட. படுக்கையாகப் போனால் க. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெலிசு, ஒரு தடிப்பு.

ஐசக் பிட்மேன் 1837-ல் வெளியிட்ட முறை அது. கை எழுத்தைப் பின்பற்றாமல் ஒலியைப் பின்பற்றுகிறது. தமிழ் எழுத்து நமக்கு மறைத்து வைத்திருந்ததை ஒரு வெள்ளைக்காரரின் கோடு வழியாக என் அத்தை எனக்குக் கேட்க வைத்தாள். மொழியைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். அந்த மாடிப்படிக்கு ஈடாக ஒன்று கிடைக்கவில்லை.

பென்சில் என்றதும் ரீட் எழுதிய கட்டுரைக்கு வந்துதான் ஆகவேண்டும். அந்த அறக்கட்டளை வெளியிட்ட எழுத்துகளிலேயே உலகம் சுற்றியது அதுதான். 'ஐ, பென்சில்' என்ற தலைப்பில் 1958 டிசம்பர் 'தி ஃப்ரீமேன்' இதழில் வந்தது. ஒரு பென்சில் தன் வம்ச வரலாற்றைத் தானே சொல்கிறது. கலிஃபோர்னியாவிலும் ஆரிகனிலும் வளர்ந்த தேவதாரு, மிசிசிப்பிக் களிமண், சிலோன் கிராஃபைட். ஆமாம், இலங்கை. போகலவிலும் கஹட்டகஹவிலும் பூமிக்குள் நரம்பு நரம்பாக ஓடும் காரீயம் உலகப் புகழ் பெற்றது. அதை வெட்டுபவர்கள், சாக்கில் கட்டுபவர்கள், அந்தச் சாக்குக் கட்டும் சணலைத் திரிப்பவர்கள், கப்பலில் ஏற்றுபவர்கள் என்று பென்சில் அடுக்கிக்கொண்டே போகிறது. வழியில் விளக்கெரிக்கும் கலங்கரை விளக்கக் காவலாளியைக்கூட விடவில்லை. இவர்களில் ஒருவருக்கும் ஒரு முழுப் பென்சிலைச் செய்யத் தெரியாது. யாரும் மேலே உட்கார்ந்து உத்தரவு போடவுமில்லை. ஆனாலும் பென்சில் வந்துவிடுகிறது என்பதுதான் ரீட் சொல்ல வந்தது. மில்டன் ஃப்ரீட்மன் 1980-ல் தன் தொலைக்காட்சித் தொடரில் ஒரு பென்சிலைக் கையில் தூக்கிப் பிடித்து இதையே சொன்னார்.

ரீட் கண்ட ஆச்சரியம் உண்மையான ஆச்சரியம். அதோடு ஒரு கேள்வியும் எனக்கு இருக்கிறது. அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவருக்கு அன்றைக்கு என்ன கூலி கிடைத்தது என்று பென்சில் சொல்லவில்லை. அதையும் சொல்லியிருந்தால் அந்த வம்ச வரலாறு இன்னும் நிறைந்திருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிட்ட பொருளாதாரக் கட்டுரை வேறு எதையும் நான் படித்ததில்லை. அதற்காகவே அதை வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் படிக்கிறேன்.

அந்த இர்விங்டன் மாளிகைக்குள்ளும் அப்படிக் கண்ணுக்குத் தெரியாத கைகள் இருந்திருக்கின்றன. பால் பாய்ரோ என்றொருவர் 1956 முதல் 1987 வரை, 31 வருடம், அதே 'ஃப்ரீமேன்' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். அவர் பெயரைச் சொன்னால் பொருளாதாரம் படித்தவர்களுக்கே தெரிவதில்லை. பம்பாயிலும் ஒருவர் இருந்தார். ஏ.டி. ஷ்ராஃப் 1956-ல் தொடங்கிய 'ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' போட்ட மெல்லிய புத்தகங்கள் இன்றைக்கும் சென்னைப் பழைய புத்தகக் கடைகளில் அகப்படும். கடைசிப் பக்கத்தின் அடியில், வெளியிட்டவர் எம்.ஆர். பை என்று பொடி எழுத்தில் இருக்கும். வழக்கறிஞர் நானி பல்கிவாலா கையில் ஒரு குறிப்புமில்லாமல் பட்ஜெட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்க பிரபோர்ன் ஸ்டேடியமே நிரம்பியது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கூட்டங்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவர் இந்தப் பைதான்.

பின்னால் இருப்பவர்களும் தவறு செய்வதுண்டு. இர்விங்டன் அறக்கட்டளை தொடங்கிய வருடமே ஃப்ரீட்மனும் ஜார்ஜ் ஸ்டிக்லரும் வாடகைக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் கூடுதலான சமத்துவம் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் வாடகைக் கட்டுப்பாடு நல்ல வழியில்லை என்று அதில் ஓரிடத்தில் வருகிறது. தாங்களும் அப்படி நினைப்பவர்கள்தான் என்று இருவரும் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். அது பிடிக்காத பதிப்பாளர்கள், ஆசிரியர்களைக் கேட்காமலே அடியில் ஒரு குறிப்பைச் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். இருவருக்கும் கடுமையான கோபம். பின்னால் இருவருமே நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கோபம் நியாயம் என்றே எனக்கும் தோன்றுகிறது. அத்தை இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள். முதலாளி சொல்லும்போது இலக்கணம் தப்பினால் டைப் அடிக்கையில் திருத்திவிடுவாள். "கருத்துல கை வெக்கக் கூடாது" என்பாள். "அது அவர் சொத்து."

பெட்டினா இந்த விஷயத்தில் அத்தை ஜாதி. மீசஸ் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வியாழக்கிழமை சாயங்காலங்களில் நடத்திய கருத்தரங்குக்கு 1951-லிருந்து அது முடிந்த 1969 வரை போனார். முர்ரே ரோத்பார்ட், இஸ்ரேல் கிர்ஸ்னர் என்று பின்னால் பெயர் பெற்றவர்கள் உட்கார்ந்த அறை அது. பல்கலைக்கழகம் மீசஸுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. வெளியிலிருந்து வந்த பணத்தில்தான் அவர் பாடம் நடத்தினார். பெட்டினா அவர் எழுதிய ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து, குறிப்பெழுதி, ஒரு பெரிய நூற்பட்டியலாக 1993-ல் கொண்டுவந்தார். 1952-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நூலகத்தில் மீசஸ் மார்க்ஸியத்தைப் பற்றிப் பேசியபோதும் இவர்தான் சுருக்கெழுத்தில் எடுத்தார். அது 2006-ல் புத்தகமானது. கணவர் பெர்சி கிரீவ்ஸ் பேர்ல் ஹார்பரைப் பற்றி எழுதிவந்ததை முடிக்காமலே 1984-ல் இறந்துபோக, அதையும் இவரே செப்பம் செய்து 2010-ல் வெளிக்கொண்டு வந்தார். அப்போது தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்டது. 2018-ல், நூறு வயது நிறைந்தபின் காலமானார். அறக்கட்டளை அதற்குள் ஹட்சன் கரை மாளிகையை விட்டு அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது.

நான் அந்த 53 வருடத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சுருக்கெழுத்து நோட்டு மற்ற நோட்டு மாதிரி கிடையாது. ஒரே இன்ஸ்டிட்யூட்டில் படித்த இரண்டு பேர் எழுதினாலும் வேகத்தில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வழி வந்துவிடும். உயிரெழுத்தை விட்டுவிடுவார்கள், நாலைந்து சொல்லை ஒரே இழுப்பில் சேர்ப்பார்கள், அடிக்கடி வரும் பெயருக்குத் தனக்கென்று ஒரு வளைவு வைத்துக்கொள்வார்கள். எழுதிய சூடு ஆறுவதற்குள் டைப் அடித்துவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். பெட்டினாவோ எடுத்ததைக் கைவிடாமல் காப்பாற்றி, இரண்டு புத்தகமாகக் கரை சேர்த்திருக்கிறார்.

அத்தை போய் ஆறு வருடமாகிறது. பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் அவளுடைய ஸ்டெனோ நோட்டுகள் பதினொன்று இருந்தன. பக்கத்துக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு, இரண்டு பக்கமும் சாம்பல் நிறச் சுழிகள். டைப் அடித்து முடித்த பக்கத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்திருக்கிறாள். எல்லாப் பக்கங்களிலும் அந்தக் கோடு இருந்தது. கடைசி நோட்டில், கடைசியாக எழுதிய பக்கத்தில் மட்டும் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு போன மாசி மாதம் கும்பகோணம் போனேன். இன்ஸ்டிட்யூட்டுகளில் பாதி கம்ப்யூட்டர் சென்டராகிவிட்டன. பெரிய தெருவில் ஒரு மாடியில் எண்பது வயது மாஸ்டர் ஒருவர் இன்னும் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நோட்டை வாங்கிக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல கை, தம்பி. தடிப்பு மெலிசு எங்கேயும் பிசகலை. ஆனா வவ்வல் ஒண்ணுகூடப் போடலை பாருங்க. ரொம்ப வேகமா எழுதியிருக்காங்க."

"படிக்க முடியுமா மாஸ்டர்?"

அவர் பதில் சொல்லாமல் ஒரு பென்சிலை எடுத்து, தெரிந்த சுழிகளுக்குக் கீழே மட்டும் பொடி எழுத்தில் எழுத ஆரம்பித்தார். மிளகு. அடுத்த வாரம். தூத்துக்குடி. அரைமணி நேரத்தில் ஒன்பது சொல் வந்தது. கடைசியில் நோட்டை மூடப் போனவர், மறுபடி திறந்து ஒரு சொல்லின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"மிச்சத்துக்குக் கீழே இடம் விட்டு வெச்சிருக்கேன்" என்றார்.