ஏழு நாள் பெட்டி

பிப்ரவரி 3
மறுபடியும் அதே கேள்வி: "வலி பத்துக்கு எத்தனைம்மா?" எட்டு என்றேன். டிஸ்க் ஆபரேஷன் முடிந்து நாலு வருஷம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். நைட்டி விளிம்பு உரசினாலே இடது கெண்டைக்காலில் நெருப்பு. முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே மெல்லிய கம்பி வைத்து மின்துடிப்பு கொடுத்துப் பார்க்கலாமாம். முதலில் ஒரு வாரப் பரீட்சை. வலி பாதியாவது குறைந்தால்தான் பேட்டரியை உடம்புக்குள் வைப்பார்கள்.

பிப்ரவரி 4
தூக்கமில்லை, படித்தேன். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு உண்டு, தொடு உணர்ச்சி அதைச் சாத்தும் என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் எழுதினார்கள். இடித்துக்கொண்ட இடத்தை அம்மா பரபரவென்று தேய்த்துவிடுவாளே, அதுதான். 1967இல் நார்மன் ஷீலி என்ற டாக்டர் அமெரிக்காவில் முதல் கருவியைப் பொருத்தினார். ரோமாபுரியில் தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனையே வைத்தார்களாம்.

இவரிடம் சொன்னேன். "திவா கோளிவாடா மீன்காரங்ககிட்ட கேட்டுப் பாக்கட்டுமா?" என்றார். சிரித்தேன். சிரித்ததில் கால் சுண்டி இழுத்தது.

பிப்ரவரி 9
குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, முழித்திருக்கும்போதே கம்பியை ஏற்றினார்கள். "எங்க தெரியுது?" இடுப்பில். "இப்ப?" தொடையில். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்கள். சட்டென்று கெண்டைக்கால் முழுக்க எறும்பு ஊர்ந்தது. "அங்கதான் டாக்டர், அங்கதான்!" கத்திவிட்டேன்.

மின்துடிப்புப் பெட்டி இடுப்பு பெல்ட்டில். திரும்பும்போது முலுண்டு பாலத்தில், வண்டி சீட்டில் சாய்ந்தால் எறும்பு கூடியது, நிமிர்ந்தால் குறைந்தது.

பிப்ரவரி 10
குனியக் கூடாது, குளிக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது. இவர்தான் தலை பின்னிவிட்டார். கோணல் வகிடு.

பிப்ரவரி 11
எறும்பு. எறும்பு மட்டும்.

பிப்ரவரி 13
போனில் எண் கேட்டார்கள். மூன்று என்று வாய் வரை வந்தது, நாலு என்றேன். நிஜமாகவே குறைந்ததா, குறைய வேண்டும் என்ற என் ஆசையா? நாலு வருஷமாக நம்பி நம்பி ஏமாந்த உடம்பு இது. ஊசி, பெல்ட், மாட்டுங்கா வைத்தியரின் தைலம், எல்லாமே முதல் வாரம் கேட்டது. மூன்று என்று சொல்லி, உள்ளே வைத்த பிறகு ஏழானால் யாரிடம் போய்ச் சொல்வேன்? பெட்டியை அணைத்துப் பார்க்கலாமா என்று விரல் போனது. அணைக்கவில்லை.

பிப்ரவரி 15
விடிந்து பார்த்தால் தலையணை தரையில் கிடக்கிறது. தூக்கத்தில் அவர் கால் படாமலிருக்க, நாலு வருஷமாக எங்கள் நடுவே வரப்பு மாதிரி வைத்த தலையணை. அவர் கால் என் இடது காலின் மேல். எத்தனை நேரமாக என்று தெரியாது. அசையாமல் படுத்திருந்தேன். பால்காரன் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 16
கம்பியை உருவினார்கள். வலிக்கவே இல்லை. பாலத்தில் வரும்போது கழிமுகச் சேற்றில் பூநாரைகள். வண்டியை நிறுத்தச் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். சாயங்காலம் நெருப்பு திரும்பியது. ராத்திரி இவர் ஒன்றும் பேசாமல் தலையணையை நடுவில் வைத்தார். அப்போதுதான் அழுதேன்.

பிப்ரவரி 21
இன்சூரன்ஸ் பதில் இன்னும் வரவில்லை. லட்சக்கணக்கில் செலவு. சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி அதிக வருஷம் உழைக்கும், மற்றது தீர்ந்தால் திரும்பக் கீறித்தான் மாற்ற வேண்டும். கம்பி நகரலாம், சீழ் பிடிக்கலாம். "டெபாசிட்ட எடுத்துடலாம்" என்கிறார். பையனின் படிப்புக்கென்று போட்டது அது.

பிப்ரவரி 23
ஆஸ்பத்திரியிலிருந்து போன். வியாழக்கிழமை சொல்கிறேன் என்றேன். தலையணை உறையைத் துவைத்து, கையை உயர்த்திக் கொடியில் போட்டேன்.