பிரிக்காத பெட்டி

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் நல்ல பெயருக்கு ஒரே அடையாளம்தான்: நாங்கள் அனுப்பும் பெட்டியை வாங்குபவர் சோதிக்காமல் நேராக லைனுக்கு ஏற்றிவிடுவார். பல வருடம் பிழையில்லாமல் கொடுத்தவர்களுக்கே அது கிடைக்கும்.

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்கு அப்படியொரு பெயரை வாங்கித் தந்தது, 2015-இல் வந்த ‘தி விட்சர் 3’. அதை நம்பி அவர்களின் ரோல்-பிளேயிங் கேமான ‘சைபர்பங்க் 2077’க்கு 80 லட்சம் பேர் முன்பதிவு செய்தார்கள். 2020-இல் ஏப்ரல், செப்டம்பர், நவம்பர் என மூன்று தேதிகள் தள்ளிப்போய், டிசம்பர் 10-இல் அது வெளிவந்தது. பழைய கன்சோல்களில் திக்கித் திணறி ஓடுகிறது, பாதியில் நின்றுபோகிறது என்று உலகமெங்கும் புகார். ஒரே வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து அதை எடுத்துவிட்டது. பெயர் தெரியாத கம்பெனி செய்திருந்தால் இவ்வளவு கோபம் எழுந்திருக்காது. பிரிக்காமல் வாங்கிய பெட்டி என்பதால்தான் அத்தனை வலி.

தேதிக்குள் அனுப்பியாக வேண்டிய அந்த நெருக்கடி எனக்குப் புரியும். ஒரு மாதக்கடைசியில், டார்கெட் முடிய வேண்டும் என்று சந்தேகமான லாட் ஒன்றை நாங்களும் அனுப்பினோம். பிறகு வாடிக்கையாளரின் ஆலையில் நான்கு நாள் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பொறுக்கிப் பிரித்தோம். அதன்பின் மாதக்கணக்கில் எங்கள் பெட்டி ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் உள்ளே போகவில்லை.

இதற்கு மாறாக, பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் என்ற கேம் நிறுவனம் தன் பெட்டியைத் தானே திறந்து வைத்தது. ‘பால்டர்ஸ் கேட் 3’-இன் முதல் பகுதியை 2020 அக்டோபரிலேயே விற்பனைக்கு விட்டு, ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக்கேட்டு ஏறக்குறைய மூன்று வருடம் திருத்தியது. 2023 ஆகஸ்ட் 31 என்று அறிவித்திருந்த தேதியை, கணினிக்கு மட்டும் ஆகஸ்ட் 3-க்கு முன்னால் கொண்டுவந்தது. காரணம், செப்டம்பர் 6-இல் பெதஸ்தாவின் ‘ஸ்டார்ஃபீல்ட்’ வரவிருந்தது. இந்த வகை ஆட்டம் ஒன்றை முடிக்கவே நூறு மணி நேரம் போல ஆகும். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் அறைக்கு வந்து சேர்பவனுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அவன் ஒரே சமயத்தில் இரண்டு உலகங்களில் வாழ முடியாது; முதலில் வந்து மனதைப் பிடித்ததோடுதான் இருப்பான். நான் அப்படித்தான் இருந்தேன். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதும் அதற்கே போனது.

இருங்காட்டுக்கோட்டையிலும் இப்படி முந்திக்கொண்ட கதை ஒன்று உண்டு. அங்கே ஆலை போட்ட, இந்தியாவில் பெயரே பழகாத ஹூண்டாய், 1998 செப்டம்பரில் சான்ட்ரோவை இறக்கியது. போட்டி வண்டியான டாடா இண்டிகா வந்தது டிசம்பர் கடைசியில்.

முந்தி வந்தால் வண்டியைப் பார்க்க ஆள் வரும். வீட்டுக்கு ஓட்டிப்போனவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொல்வார் என்பது வண்டியின் கையில்தான் இருக்கிறது.

சைபர்பங்க் குழு விட்டுவிட்டு ஓடவில்லை. திருத்திக்கொண்டே இருந்து, 2023 செப்டம்பரில் 2.0 பதிப்பையும் ‘ஃபேன்டம் லிபர்ட்டி’ என்ற கூடுதல் பகுதியையும் கொடுத்தது, பாராட்டு திரும்பி வந்தது. ஆனால் அதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது.

இப்போதும் மாதக்கடைசியில் லாரி வாசலில் நிற்கும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். சந்தேகமான லாட்டில் சிவப்பு டேக் கட்டும்போது அந்த மூன்று வருடத்தை நினைத்துக்கொள்கிறேன். லாரி நிற்கட்டும்.